ஒலியோடு ஒட்டாத மோஷன் கிராஃபிக்ஸ்: அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழி

பாட்டு ஓடுகிறது, பார்கள் ஏறி இறங்குகின்றன, ஆனாலும் ஏதோ ஒட்டவில்லை. ஒலியைப் படமாக்கும் வேலையில் இறங்கிய எல்லாருக்கும் இந்தக் கட்டம் வரும். அப்போது கை முதலில் போவது நிறத்துக்கும் குளோவுக்கும்தான், தயவுசெய்து அங்கே போகாதீர்கள். ஒலிக்கும் படத்துக்கும் நடுவில் ஒரு எண் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒலியிலிருந்து ஒரு எண்ணோ அறுபது எழுபது எண்களோ பிறக்கின்றன, அவைதான் பாரின் உயரமாகவும் வட்டத்தின் அளவாகவும் மாறுகின்றன. கோளாறு அந்த எண்ணுக்கு முன்னாலா, எண்ணிலேயா, எண்ணுக்குப் பிறகா என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதனால் எந்தச் சிக்கலாக இருந்தாலும் முதலில் அந்த எண்ணைத் திரையில் எழுத்தாகக் கொண்டுவாருங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற மோஷன் கிராஃபிக்ஸ் மென்பொருளில் ஒரு டெக்ஸ்ட் லேயரை வைத்து, அதன் சோர்ஸ் டெக்ஸ்டை ஆடியோ ஸ்லைடரோடு (ஒலியின் அளவை ஃபிரேமுக்கு ஃபிரேம் எண்ணாகப் பதியும் கன்வர்ட் ஆடியோ டு கீஃப்ரேம்ஸ் கட்டளை இதை உருவாக்கும்) பிக்விப் என்ற இணைப்புக் கயிற்றால் இணைத்தால் போதும். எண் சரியாக ஓடுகிறது, படம் மட்டும் தவறு என்றால் கோளாறு உங்கள் எக்ஸ்பிரஷனில், அதாவது எண்ணை அசைவாக்கும் சின்னக் கோட் வரியில். எண்ணே தவறு என்றால் படத்தை எவ்வளவு நோண்டினாலும் பயனில்லை.

இன்னொன்று, ஒரு சோதனைக் கோப்பு செய்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து விநாடிக்கு, விநாடிக்கு ஒரு தடவை, ஒரே ஃபிரேம் நீளத்தில் 1000 ஹெர்ட்ஸ் பீப். சினிமாவில் படம் தொடங்க 2 விநாடி இருக்கும்போது ஒலிக்கும் 'டூ பாப்' செய்வதும் இதே வேலைதான். அடுத்து 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒரு ஸ்வீப், கடைசியில் ஐந்து விநாடி முழு அமைதி. அடாசிட்டியின் ஜெனரேட் மெனுவில் டோன், சர்ப், சைலன்ஸ் மூன்றும் இருக்கின்றன, பத்து நிமிட வேலை. பாட்டை வைத்துப் பிழை தேடுவது கஷ்டம், ஏனென்றால் பாட்டில் என்ன வர வேண்டும் என்பது நமக்கே துல்லியமாகத் தெரியாது. பீப்பில் தெரியும்.

எதுவுமே அசையவில்லை

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஆடியோ ஸ்பெக்ட்ரம் எஃபெக்டை ஆடியோ லேயர் மேலேயே போட்டிருப்பீர்கள். அதை ஒரு சாலிட் (ஒரே நிற வெற்று லேயர்) மேல் போட்டு, எஃபெக்டுக்குள் இருக்கும் ஆடியோ லேயர் என்ற இடத்தில் உங்கள் பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கன்வர்ட் ஆடியோ டு கீஃப்ரேம்ஸ் பயன்படுத்தினால் வொர்க் ஏரியாவைப் பாருங்கள், அந்த எல்லைக்குள் இருக்கும் ஒலிக்கு மட்டும்தான் கீஃப்ரேம் விழும். அது மொத்த காம்பின் (காம்போசிஷன், லேயர்கள் எல்லாம் சேர்ந்த காட்சி) ஒலியையும் எடுத்துக்கொள்ளும் என்பதால், பாட்டோடு பின்னணிக் குரலும் இருந்தால் குரலுக்கும் சேர்த்துக் குதிக்கும். பாட்டு லேயரை மட்டும் சோலோ செய்துவிட்டுக் கட்டளையைக் கொடுங்கள்.

பிரவுசரில் வெப் ஆடியோ என்ற ஒலி வசதியைக் கொண்டு செய்பவர்களுக்கு இரண்டு காரணங்கள்தான் அடிக்கடி வரும். பயனர் ஒரு தடவையாவது கிளிக் செய்யும் வரை அதன் ஒலி இயந்திரமான ஆடியோ கான்டெக்ஸ்ட் உறங்கிக்கொண்டே இருக்கும், அதனால் பிளே பட்டனுக்குள்ளேயே அதை எழுப்ப வேண்டும். இரண்டாவது, ஒலிக் கோப்பு வேறொரு டொமைனிலிருந்து வந்து அந்த சர்வர் அனுமதி தரவில்லை என்றால், ஒலியிலிருந்து எண்களை எடுக்கும் அனலைசருக்கு வெறும் பூஜ்யங்கள்தான் கிடைக்கும். கன்சோலில் எச்சரிக்கை வந்திருக்கும், பாருங்கள்.

அபூர்வமாக ஒன்று உண்டு. காதுக்கு நன்றாகக் கேட்கும், எண் மட்டும் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். இடது வலது சேனல்கள் ஒன்றுக்கொன்று தலைகீழாக இருக்கின்றன, மோனோவாகக் கூட்டும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஒரு சேனலை மட்டும் எடுத்துப் பாருங்கள், எண் உடனே உயிர் பெறும்.

பீட்டும் படமும் சேரவில்லை

இங்கே ஒரு கேள்விக்கு முதலில் பதில் வேண்டும். விலகல் தொடக்கத்திலிருந்து ஒரே அளவா, அல்லது போகப் போகக் கூடுகிறதா? இரண்டும் முற்றிலும் வேறு நோய்கள், ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் இன்னும் கெடும்.

ஒரே அளவு விலகல் என்றால் முதலில் உங்கள் ஹெட்போனைச் சந்தேகியுங்கள். புளூடூத் ஹெட்போன்கள் 100 முதல் 300 மில்லிவிநாடி வரை தாமதிப்பது சாதாரணம். விநாடிக்கு 30 ஃபிரேம் வேகத்தில் 200 மில்லிவிநாடி என்றால் 6 ஃபிரேம். ஒரு வேலையில் நான் இப்படித்தான் கீஃப்ரேம் எல்லாவற்றையும் 5 ஃபிரேம் பின்னுக்குத் தள்ளி, காதுக்குப் பொருந்துகிறது என்று நம்பி அனுப்பிவிட்டேன். அரங்கத்தின் ஸ்பீக்கரில் போட்டபோது ஒவ்வொரு அடியும் படத்துக்கு முன்னால் விழுந்தது. அன்றிலிருந்து ஒத்திசைவு பார்க்கும்போது மட்டும் கம்பி வைத்த ஹெட்போன்தான். புதிய டிவிகளும் படத்தை மெருகேற்றுவதற்காகத் தாமதப்படுத்தும், கேம் மோடில் போட்டுப் பாருங்கள்.

அடுத்த சந்தேகம் எம்பி3. அந்த முறையில் குறியாக்கும்போதும் பிரிக்கும்போதும் கோப்பின் தலையில் கொஞ்சம் வெற்று ஒலி சேரும். பரவலாகப் பயன்படும் லேம் குறியாக்கியில் 576 சாம்பிள் (ஒலியின் ஒரு கணத்து அளவு ஒரு சாம்பிள்), பிரிப்பானில் 529, ஆக 1105 சாம்பிள், 44.1 கிலோஹெர்ட்ஸில் 25 மில்லிவிநாடி. சில மென்பொருள்கள் அதை வெட்டிவிடும், சில வெட்டாது. ஏஏசி என்ற இன்னொரு சுருக்க முறையில் வழக்கமான முன்னிணைப்பு 2112 சாம்பிள், 48 கிலோஹெர்ட்ஸில் 44 மில்லிவிநாடி, அதாவது ஒரு ஃபிரேமுக்கு மேல். வேலை தொடங்கும்போதே எல்லாவற்றையும் 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக மாற்றி, அதை வைத்தே கடைசி வரை போங்கள். மாறும் பிட்ரேட் எம்பி3 என்றால் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

அப்புறம், எந்தப் பக்கம் தவறினால் பரவாயில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் பிடி.1359 பரிந்துரைப்படி, ஒலி படத்துக்கு முன்னால் வந்தால் 45 மில்லிவிநாடியிலேயே பார்ப்பவர் கண்டுபிடிப்பார், பின்னால் வந்தால் 125 வரை தெரியாது. காரணம் எளிது. ஒலி விநாடிக்கு 343 மீட்டர்தான் போகும், 34 மீட்டர் தள்ளி ஒருவர் சுத்தியலை அடித்தால் சத்தம் பத்தில் ஒரு விநாடி கழித்தே வரும், பிறந்ததிலிருந்து நம் மூளை அப்படித்தான் பழகியிருக்கிறது. ஒலி முந்துவதை மட்டும் இயற்கையில் நாம் பார்த்ததே இல்லை. ஆகவே ஒரு ஃபிரேம் தடுமாற்றம் தவிர்க்க முடியாது என்றால் படத்தை முந்தவிடுங்கள்.

இனி கூடிக்கொண்டே போகும் விலகல். இதற்குக் காரணம் எங்கோ இரண்டு வேகங்கள் கலந்திருப்பது. 23.976 ஃபிரேமுக்கும் 24க்கும் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம், ஆனால் சுமார் 42 விநாடிக்கு ஒரு ஃபிரேம் நழுவும், ஒரு மணி நேரத்தில் 3.6 விநாடி. 29.97க்கும் 30க்கும் இதே கதை. 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பை ஏதோ ஒன்று 48 என்று நினைத்து ஓட்டினால் கண்டுபிடிப்பது சுலபம், பாட்டு ஏறத்தாழ 9 சதவீதம் வேகமாகவும் ஒன்றரை அரைச்சுருதி உயர்ந்தும் கேட்கும்.

கையால் கீஃப்ரேம் வைத்து நகலெடுப்பவர்களுக்கு இன்னொரு பொறி. 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 பீட்) பாட்டு 30 ஃபிரேம் காம்பில் அழகாக 15 ஃபிரேமுக்கு ஒரு பீட். 128 பிபிஎம் என்றால் 14.0625 ஃபிரேம். நீங்கள் 14 என்று வைத்து ஒட்டிக்கொண்டே போனால் 16 பீட்டுக்கு ஒரு ஃபிரேம் கழன்று, ஒரு நிமிடத்தில் 8 ஃபிரேம் முந்திவிடும். ஒவ்வொரு பீட்டின் நேரத்தையும் பாட்டின் தொடக்கத்திலிருந்து கணக்கிட்டு, கடைசியில் மட்டும் முழு ஃபிரேமாக்குங்கள், முந்தைய பீட்டோடு 14 கூட்டாதீர்கள்.

இவை எதுவும் இல்லையா? பிரிவியூவே நிஜ வேகத்தில் ஓடவில்லையோ என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் பத்து விநாடி ரெண்டர் செய்து வேறொரு பிளேயரில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இடப்பக்கப் பார்கள் குதிக்கின்றன, வலப்பக்கம் செத்துக் கிடக்கிறது

அதிர்வெண்ணைச் சமதூரத்தில் பிரித்ததன் விளைவு. நாம் கேட்கும் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான எல்லை சுமார் பத்து ஆக்டேவ், அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு படியும் ஒரு ஆக்டேவ். அதை 64 பார்களாகச் சம அளவில் வெட்டினால் ஒரு பாருக்கு 312 ஹெர்ட்ஸ். முதல் பார் ஒன்றுக்குள்ளேயே கிக் டிரம், பேஸ், பாடகரின் அடிச்சுருதியில் பெரும்பகுதி எல்லாம் அடைந்துவிடும். வலப்பக்கத்தின் பாதிப் பார்கள் 10,000க்கு மேலுள்ள ஒரே ஒரு ஆக்டேவுக்குக் காவல் நிற்கும், அங்கே ஹைஹாட் தாளத்தட்டின் மினுக்கல் தவிர பெரிதாக ஒன்றும் இல்லை.

உங்கள் கருவியில் லாக் அளவுகோல் இருந்தால் அதைப் போடுங்கள், ஆக்டேவுக்கு ஆறு பார் என்று சமமாக விழும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் ஆடியோ ஸ்பெக்ட்ரமில் அந்த வசதி இல்லை. போதாக்குறைக்கு அதன் தொடக்க அமைப்பு 20 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரைதான், ஹைஹாட்டுக்கு ஏன் அசையவில்லை என்று பலர் மண்டையை உடைத்துக்கொள்வது இதனால்தான். நான் செய்வது இது: மூன்று சாலிட்கள், ஒன்றுக்கு 20 முதல் 150, அடுத்ததற்கு 150 முதல் 1500, கடைசிக்கு 1500 முதல் 10,000, பக்கம் பக்கமாக ஒட்டி, மேக்ஸிமம் ஹைட்டை மூன்றிலும் தனித்தனியாக ஏற்றி வைப்பேன். தனித்தனியாக ஏற்றுவது முக்கியம். பெரும்பாலான இசையில் மேலே போகப் போக ஆற்றல் குறைந்துகொண்டே வரும், சொந்தமாகக் கோட் எழுதுபவர்கள் ஆக்டேவுக்குத் தோராயமாக 3 டெசிபெல் ஏற்றிக் கொடுத்துப் பார்க்கலாம்.

லாக் போட்ட பிறகு இடது ஓரத்தில் நாலைந்து பார்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகவே ஏறி இறங்கினால் அது எஃப்எஃப்டியின் (ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) நுணுக்கம் போதாமை. 48 கிலோஹெர்ட்ஸில் 2048 சாம்பிள் எடுத்தால் ஒவ்வொரு கட்டமும் 23.4 ஹெர்ட்ஸ் அகலம், 20க்கும் 40க்கும் நடுவில் ஒரே ஒரு கட்டம்தான் விழும், அந்த ஒன்றைத்தான் அத்தனை பார்களும் பங்குபோடுகின்றன. 8192 எடுத்தால் 5.9 ஹெர்ட்ஸாக நுணுகும், ஆனால் 171 மில்லிவிநாடி ஒலியைச் சேர்த்துப் பார்ப்பதால் அடி மழுங்கும். இந்தக் கொடுக்கல் வாங்கலிலிருந்து யாரும் தப்ப முடியாது. பேஸுக்கு நீண்ட ஜன்னல் (ஒரு தடவைக்கு எடுக்கும் ஒலித்துண்டு), மேல் ஒலிகளுக்குக் குட்டை ஜன்னல் என்று இரண்டு வைப்பதுதான் நடைமுறை வழி.

நடுங்குகிறது, கண் வலிக்கிறது

வீச்சு எண்ணை அப்படியே அளவில் கட்டினால் நடுங்கத்தான் செய்யும். உடனே எல்லாரும் ஸ்மூத் எக்ஸ்பிரஷனைப் போடுவார்கள். அது ஒரு கணத்துக்கு முன்னும் பின்னும் பார்த்துச் சராசரி எடுக்கிறது, அதனால் அடி விழும் முன்பே வட்டம் வீங்கத் தொடங்கும், அடி விழும் கணத்தில் உச்சமும் தாழ்ந்திருக்கும். நடுக்கம் போய்விடும், கூடவே அடியும் போய்விடும்.

வேண்டியது வேகமாக ஏறி மெதுவாக இறங்குவது. நடப்பு ஃபிரேமின் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய ஃபிரேமின் எண்ணை 0.8ஆல் பெருக்குங்கள், அதற்கு முந்தையதை 0.8ஆல் இரண்டு தடவை, இப்படியே 12 ஃபிரேம் பின்னுக்குப் போய், கிடைத்தவற்றில் பெரியதை வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பிரஷனில் ஒரு சிறிய லூப், வேறொரு நேரத்தின் எண்ணைத் தரும் வேல்யூ அட் டைம் இருந்தால் முடிந்தது. அடி விழுந்த அதே ஃபிரேமில் உச்சம், பிறகு மூன்று ஃபிரேமில் பாதியாகத் தணியும். 60 ஃபிரேமுக்கு மாற்றினால் 0.8ஐ 0.894 ஆக்குங்கள், இல்லாவிட்டால் இரண்டு மடங்கு வேகத்தில் விழும். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒலியை எஃப் கர்வாக (அசைவு வளைகோடாக) மாற்றும் கட்டளையிலேயே ஏறுவதற்கு அட்டாக், இறங்குவதற்கு ரிலீஸ் என்று இரண்டு இடம் இருக்கிறது, அங்கே ரிலீஸை ஏற்றினால் போதும்.

எப்போதும் உச்சியிலேயே நிற்கிறது, ஏற்ற இறக்கமே இல்லை

இன்றைய பாடல்கள் பலவும் ஒலி அளவை இறுக்கி அமுக்கி முடிக்கப்பட்டவை, அலைவடிவத்தைப் பார்த்தால் செங்கல் மாதிரி இருக்கும். எண் 30க்கும் 36க்கும் நடுவிலேயே சுற்றுகிறது என்றால், லீனியர் எக்ஸ்பிரஷனால் அந்தக் குறுகிய எல்லையை 0 முதல் 100 வரை இழுங்கள், இழுத்த பிறகு வர்க்கமாக்கினால் அடிகள் இன்னும் துருத்தித் தெரியும். இதைவிட நல்லது, மொத்தப் பாட்டைக் கேட்காமல் 60 முதல் 100 ஹெர்ட்ஸ் பட்டையை மட்டும் வடிகட்டி அதிலிருந்து எண் எடுப்பது. எல்லாவற்றையும்விட நல்லது, இசையமைத்தவரிடம் கிக், குரல், மற்றவை என்று தனித்தனி ஸ்டெம்களாகக் கேட்டு வாங்குவது. கேட்கக் கூச்சப்படாதீர்கள், ஒரு மெயிலில் மூன்று நாள் வேலை மிச்சமாகும்.

ஆடியோ லேயருக்கு ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குள்ளேயே வடிகட்டி போட்டும் ஸ்பெக்ட்ரம் மாறவில்லையா? ஆடியோ ஸ்பெக்ட்ரம் எஃபெக்ட் மூல ஒலியைத்தான் படிக்கும், லேயரில் நீங்கள் செய்த மாற்றத்தைக் கண்டுகொள்ளாது. அந்த லேயரைப் பிரீகாம்ப் செய்து (தனிக் காம்புக்குள் வைத்து) அதைக் காட்டுங்கள். பிரவுசரில் பேஸ் பார்கள் உச்ச எண்ணான 255இல் ஒட்டிக்கொண்டால், அனலைசரின் மேல் எல்லை இயல்பாகவே மைனஸ் 30 டெசிபெலில் இருப்பதுதான் காரணம், அதை மைனஸ் 10க்கு ஏற்றுங்கள்.

அலைவடிவக் கோடு நிற்காமல் துள்ளுகிறது

ஒரு நிலையான சுருதியை வாசித்தாலும் கோடு ஃபிரேமுக்கு ஃபிரேம் இடம் மாறுகிறது என்றால் கணக்கைப் பாருங்கள். 440 ஹெர்ட்ஸ் ஒலி, 24 ஃபிரேம், ஒரு ஃபிரேமுக்கு 18.33 சுற்று. ஆகவே ஒவ்வொரு ஃபிரேமிலும் அலை மூன்றில் ஒரு பங்கு நகர்ந்த இடத்தில் தொடங்கும். ஆசிலாஸ்கோப்பில் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அலை பூஜ்யக் கோட்டைக் கீழிருந்து மேலாகக் கடக்கும் இடத்தில்தான் அது வரையத் தொடங்கும், அதற்குப் பெயர் டிரிகர். கோட் எழுதுபவர்கள் அதே வேலையைச் செய்யலாம்: ஃபிரேமின் தொடக்கத்திலிருந்து தேடி முதல் ஏறுமுகக் கடப்பைக் கண்டுபிடித்து அங்கிருந்து வரையுங்கள், கோடு கண்ணுக்கு முன் அடங்கிவிடும். டிரிகர் இல்லாத கருவி என்றால், துல்லியமான அலையைக் கைவிட்டு வீச்சின் மேற்கோட்டை மட்டும் காட்டுவதே மேல். காட்டும் நேரமும் முக்கியம், 50 ஹெர்ட்ஸ் பேஸின் ஒரு சுற்றுக்கு 20 மில்லிவிநாடி வேண்டும், 10 வைத்தால் பாதி அலைதான் வரும்.

இந்தக் கோட்டின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. எடுவார்-லியோன் ஸ்கோட் டெ மார்தென்வில் 1857இல் காப்புரிமை பெற்ற ஃபோனாட்டோகிராஃப், கரி பூசிய தாளில் ஒலியைக் கோடாக வரைந்தது, திருப்பி ஒலிக்க வைக்க அதற்கு வழி இல்லை. எடிசனின் ஃபோனோகிராஃப் வந்தது 1877இல். ஆக, பதிவான ஒலியைக் காதால் கேட்பதற்கு இருபது வருடம் முன்பே மனிதர்கள் அதைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

சத்தம் கொஞ்சம் கூடினாலே வட்டம் பூதமாகிறது

அளவு இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு, கண் பார்ப்பது பரப்பை. எண்ணின் வர்க்கமூலத்தை ஸ்கேலில் கொடுங்கள், அடங்கும்.

பாட்டை மாற்றினேன், அசைவு பழையதாகவே இருக்கிறது

கீஃப்ரேமாக மாற்றியபோதே எண்கள் உறைந்துவிட்டன. பழைய ஆடியோ ஆம்ப்ளிட்யூட் லேயரை அழித்துவிட்டுப் புதிதாக எடுத்து, எக்ஸ்பிரஷன் புதியதைப் பார்க்கிறதா என்று சரிபாருங்கள். பாட்டு இறுதியாகும் முன் இந்த வேலையில் இறங்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

ரெண்டரில் நன்றாக இருக்கிறது, அப்லோடு செய்தால் அழுக்காகிறது

கறுப்புப் பின்னணியில் ஒரு பிக்சல் தடிமனில் சிவப்புக் கோடுகள் வைத்திருப்பீர்கள். நிறத்தைக் குறைத்துச் சேமிக்கும் 4:2:0 வீடியோவில் நிறத்தின் நுணுக்கம் ஒளிர்வில் கால் பங்குதான், மெல்லிய சிவப்புதான் முதல் பலி. தடிமனை மூன்று பிக்சலாக்கி, நிறத்தில் கொஞ்சம் வெள்ளை கலந்து ஒளிர்வை ஏற்றுங்கள். இருண்ட கிரேடியன்ட்டில் பட்டை பட்டையாகத் தெரிந்தால் லேசாக கிரெயின் (மணல்போன்ற புள்ளிகள்) தூவுங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் உயிரில்லை

பீப் சோதனையில் தேறிவிட்டது, ஸ்வீப்புக்கு ஒழுங்காக இடமிருந்து வலமாக நகர்கிறது, ஒரு ஃபிரேம் கூடப் பிசகவில்லை, ஆனாலும் ஐந்தாவது விநாடியிலேயே சலிக்கிறது. இதுவும் ஒரு பிழை, எல்லாவற்றிலும் பெரிய பிழை என்றே நான் நினைக்கிறேன். பெரும்பாலும் காரணம், ஒரே எண்ணை எல்லாவற்றுக்கும் கட்டியிருப்பது. அளவு, சுழற்சி, நிறம், கேமரா நடுக்கம், எல்லாமே கிக்குக்கு ஒன்றாகக் குதித்தால் பார்ப்பவருக்குக் கிக் மட்டும்தான் கேட்கும். பாட்டைக் கண்ணை மூடிப் பத்து தடவை கேளுங்கள், எந்த ஒலியை உங்கள் மனம் பின்தொடர்கிறது என்று கவனியுங்கள், அதற்கு மட்டும் பெரிய அசைவைக் கொடுங்கள். கிக்குக்கு அளவு, குரலுக்கு நிறம், நீண்டு ஒலிக்கும் கம்பி வாத்தியத்துக்கு மெல்லிய சுழற்சி என்று ஆளுக்கொரு வேலை. குதிப்பது குதிக்கட்டும், இழைவது இழையட்டும். ஒலியில் கூர்மை கூடும்போது வடிவத்துக்கும் முனை வரட்டும்.

அமைதியையும் சோதியுங்கள். சோதனைக் கோப்பின் கடைசி ஐந்து விநாடியில் படம் என்ன செய்கிறது? சட்டென்று செத்து நின்றால் பிரேக் அடித்த மாதிரி இருக்கும், ஒன்றுமே நடக்காததுபோல் ஆடிக்கொண்டிருந்தால் பொய்யாக இருக்கும். எனக்குப் பிடித்தது, கடைசி ஒலியின் எண்ணை இரண்டு விநாடிக்கு மெல்ல வடியவிடுவது, மணி அடித்து ஓய்வதுபோல.

திரை பளிச் பளிச்சென்று வெட்டுகிறது

ரசனையாகத் தோன்றினாலும் அனுப்பும் முன் இதைக் கட்டாயம் நீக்குங்கள். ஒளி வெட்டினால் வலிப்பு வரக்கூடியவர்கள் பார்வையாளர்களில் இருக்கலாம். வெப் அணுகல் விதிகள் சொல்லும் எல்லை விநாடிக்கு 3 வெட்டு. 120 பிபிஎம் பாட்டில் ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரு வெட்டு என்றால் விநாடிக்கு 2, தப்பித்தீர்கள். அதையே பதினாறாம் நோட்டு ஹைஹாட்டுக்குக் கட்டினால் விநாடிக்கு 8. வெட்டை முழுத்திரையிலிருந்து ஒரு சின்ன வடிவத்துக்குள் கொண்டுபோங்கள், வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் தாவாமல் இரண்டு நெருக்கமான சாம்பலுக்குள் வையுங்கள், அடர்சிவப்பு வெட்டை எடுத்தே விடுங்கள். பிறகு மூன்று நிமிடப் பாட்டையும் முழுதாக ஓட்டி, டிரம் உருளல் வரும் இடங்களில் விநாடிக்கு எத்தனை வெட்டு விழுகிறது என்று ஃபிரேம் ஃபிரேமாக எண்ணிப் பாருங்கள்.